ஆலைப் பிள்ளை வேஷம்

கோசிகாவின் பள்ளிக்கூடத்தில் இருந்து போனுக்கு வந்த செய்தியை மெற்றில்டா இரண்டு தரம் வாசித்தாள். முதல்தரம் விளங்கவில்லை. இரண்டாம்தரம் விளங்கினபோது, விளங்காமலே இருந்திருக்கலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை விக்டோரியா நாளாம். அந்த ராணி ஆண்ட காலத்தில் இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகள் துணி ஆலைகளில் வேலை செய்ததைப் பற்றி வகுப்பில் படிக்கிறார்களாம். அதனால் அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபமே ஒரு ஆலையாக மாறுமாம். பிள்ளைகள் கிழிசல் உடுப்போடும் முகத்தில் கரியோடும் ஆலைப் பிள்ளைகளாக வரவேண்டும். பின்னேரம் பெற்றோரும் வந்து பார்க்கலாம். நன்றாக நடிக்கிற பிள்ளைக்குப் பரிசும் இருக்கிறது. செய்தியின் முடிவில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று போட்டிருந்தார்கள்.

பத்து வயதுக் கோசிகா அன்று முழுக்க நிலத்தில் நிற்கவில்லை. பரிசு தனக்குத்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். தாயின் போனை வாங்கித் தட்டி, இதுக்கென்றே விற்கிற உடுப்புகளை எடுத்துக் காட்டினாள். 'ஏழை ஆலைச் சிறுமி' என்று பெயர் போட்டு, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கன்னத்தில் கரியைப் பூசிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றது. வாங்கின தாய்மார் கீழே கருத்து எழுதியிருந்தார்கள். என் மகள் கொள்ளை அழகாக இருந்தாள், அழுக்கு அப்படியே உண்மை அழுக்கு மாதிரி இருக்கிறது, ஐந்து நட்சத்திரம்.

மெற்றில்டா லண்டன் இல்ஃபோர்டில் ஒரு சலவைக்கடையின் மூலையில் இருந்து உடுப்புத் திருத்தித் தைக்கிறவள். படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாவாடை விளிம்பு கந்தலாகத்தான் இருந்தது. ஆனால் கந்தல் இன்னும் பிய்ந்து போகாதபடி ஒவ்வொரு கிழிசலின் ஓரத்துக்கும் யாரோ தையல் ஓடியிருந்தார்கள். எந்த ஊரில் யாருடைய பிள்ளை குந்தியிருந்து இந்தக் கிழிசலைத் தைத்ததோ. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாங்கத் தேவையில்லை, தானே தைத்துத் தருவதாகச் சொன்னாள்.

புருசனின் தமக்கை நகுலேஸ்வரிக்கு இந்தக் கதை எப்படியோ எட்டிவிட்டது. மூன்று தெரு தள்ளி இருக்கிறவள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து, கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்து விட்டாள். குடும்பத்துப் பிள்ளையைப் பிச்சைக்காரி மாதிரித் தெருவால் அனுப்பப் போகிறீர்களோ என்பது அவளுடைய வழக்கு. இதே நாள் அவளுடைய மகன் ஜதுசனுக்கும் இரண்டு வருசத்துக்கு முதல் வந்தது. கிழிஞ்ச உடுப்புப் போடுவது தரித்திரம் என்று அவள் அவனுக்குக் கலியாண வீட்டுக் கோட்டும் சூட்டும் போட்டு, கழுத்தில் சங்கிலியும் விட்டு அனுப்பினவள். ரீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவன் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்து முதலாளியாக நிற்பாட்டி விட்டார்.

"எல்லாப் பிள்ளையளும் நிலத்தில தவண்டுகொண்டு திரிய, என்ர பிள்ளை மட்டும் முதலாளியா நிண்டவன். படம் வச்சிருக்கிறன், காட்டட்டோ?" என்றாள் நகுலேஸ்வரி.

"அந்தப் படத்தை ஊரில ஒருத்தரும் பாக்காமல் விடேல்லை அக்கா," என்றான் ஆரணன். அவன் மெற்றில்டாவின் புருசன். பாரிசில் பத்து வருசம் கோப்பை கழுவி, பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, இப்போது பார்சல் வான் ஓட்டுகிறவன். தமக்கையைக் கிண்டல் பண்ணுவான், ஆனால் எதிர்த்துக் கதைக்க மாட்டான்.

நகுலேஸ்வரி தம்பியை விட்டுவிட்டு மெற்றில்டாவின் பக்கம் திரும்பினாள். "நீர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், உங்களுக்கு உதுகள் தெரியாது. எங்கட பரம்பரையில ஒருத்தரும் கூலிக்குப் போனதில்லை. வேசத்துக்குக்கூட அது வேண்டாம்."

மெற்றில்டா தேத்தண்ணியை ஆற்றி அவள் முன்னால் வைத்தாள்.  கலியாணம் பேசினபோது, இந்தியாவில் அகதியாக இருந்து படித்தவள் என்று மட்டும் சொல்லப்பட்டவள் அவள். கொஞ்சக்காலம் தையல் வேலை செய்தாள் என்பது ஆரணனுக்குத் தெரியும். எத்தனை வயதில் என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. மகளுக்குத் தெரியக்கூடாது. அந்தக் காலத்தின் ஒரு தூசிகூடக் கோசிகாவின் மேலே படக்கூடாது என்பதுதான் அவள் தனக்குள்ளே போட்டு வைத்திருந்த ஒரே சட்டம்.

அந்தச் சட்டத்தை உடைத்தது அவளுடைய வாய்தான்.

மாமி போன பிறகு கோசிகா கட்டிலில் குப்புறப் படுத்துக் கால்களை ஆட்டிக்கொண்டு கேட்டாள். "அம்மா, ஃபாக்டரிப் பிள்ளையள் உண்மையா என்ன போடுவினம்?"

மெற்றில்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிறபோது அவளுக்கு மனம் வேறெங்கோ போய்விடும்.

"ரீசேட்," என்றாள். "முழங்கால் மட்டும் வரும். பெரிய ஆக்களின்ர அளவு. நெஞ்சில இங்கிலிசில எழுதியிருக்கும், எழுத்துப் பிழையா அச்சடிச்சதாலதான் பிள்ளையளுக்குக் குடுக்கிறது. மூக்கில துணி கட்டவேணும், பஞ்சு போகும். தலைமயிரை இறுக்கிப் பின்னி உள்ளுக்கு மடிச்சுக் கட்டவேணும், இல்லாட்டி மெசின் இழுத்துப்போடும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கோசிகா நிமிர்ந்து பார்த்தாள். கரி இல்லையோ என்று கேட்டாள். கரி என்பது அடுப்படியில் வேலை செய்கிறவர்களுக்கு, துணி ஆலையில் ஆட்கள் வெள்ளையாகத்தான் இருப்பார்கள், கண் இமையெல்லாம் பஞ்சு ஒட்டி நரைத்த மாதிரி இருக்கும் என்றாள் மெற்றில்டா. எங்கே படித்தது என்று மகள் கேட்டதற்கு, எங்கேயோ பார்த்தது என்று சொல்லித் தப்பினாள்.

கோசிகா அதை அப்படியே நம்பினாள். வேறு ஒருத்தருக்கும் தெரியாத விசயம் தனக்குத் தெரியும் என்ற பெருமை அவளுக்கு. தகப்பனின் பழைய ரீசேட் ஒன்றை இழுத்தெடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள். இனித் தைக்கத் தேவையில்லை, மூக்கில் துணியும் கட்டி இதோடேயே போவேன் என்றாள். மெற்றில்டா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மன்னாரில் இருந்து வள்ளத்தில் ஏறினபோது மெற்றில்டாவுக்கு ஏழு வயது. கோயம்புத்தூர்ப் பக்கத்து அகதி முகாமில் இருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேன் வரத் தொடங்கினபோது பதினொன்று. முகாமில் பாதிப் பிள்ளைகள் அந்த வேனில் ஏறினார்கள். பெரியவர்கள் தைக்கத் தைக்க, பக்கத்தில் நின்று துணியை மடித்து நீட்டிக்கொண்டே இருப்பதுதான் பிள்ளைகளின் வேலை. கைமடி என்று பெயர். தங்களுக்கென்று ஒரு பெயர் அங்கே கிடையாது. ஏய் கைமடி, இங்கே வா. ஏய் கைமடி, தூங்குறியா. அதிகாரிகள் பார்க்க வருகிற நாளில் பிள்ளைகளை எல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றிக் கதவைப் பூட்டுவார்கள். வெயிலில் குந்தியிருந்து, கீழே மெசின்கள் ஓடுகிற அதிர்வு கால்களில் ஏறுவதை உணர்ந்துகொண்டிருப்பார்கள். உண்மையில் அதுதான் அவர்களுக்கு லீவு நாள்.

வியாழக்கிழமை மெற்றில்டா கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போகாமல் விட்டால் மகள் ஏன் என்று கேட்பாள். 

மண்டப வாசலில் கடதாசிக் கோப்பைகளில் கஞ்சி விற்றார்கள். ஆலைப் பிள்ளைகள் குடித்த கஞ்சியாம். மேலே சொக்கிலேற் தூவியிருந்தது. ஒரு தகப்பன் ஒரு வாய் வைத்துவிட்டு, ஏழைகள் நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே மேசைகளை வரிசையாகப் போட்டு, மேசைக்கு மேசை நூல் கட்டியிருந்தார்கள். அதுதான் மெசின். கீழே பஞ்சு உருண்டைகள் இறைந்து கிடந்தன. பிள்ளைகள் எல்லாருடைய முகத்திலும் கரி. தலைமை ஆசிரியர் உயரத் தொப்பியும் பொய் மீசையும் பிரம்புமாக மேற்பார்வையாளர் வேஷத்தில் நின்றார். நல்ல மனுசன். மழை நாளில் தானே வாசலில் குடை பிடித்து நிற்கிறவர். அவர் மணியைக் கிலுக்கிக் கத்தக் கத்தப் பிள்ளைகளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

கோசிகாவைத் தேடினாள். மகள் மூன்றாவது மேசையடியில் நின்றாள். ரீசேட்டுக்கு மேலே யாரோ ஒரு கிழிஞ்ச போர்வையைச் சுற்றி ஊசி குத்தியிருந்தார்கள். மூக்குத் துணியைக் காணவில்லை. கன்னம் இரண்டிலும் கரி. தாயைக் கண்டதும் சிரிக்கவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வகுப்பு ரீச்சர் மிஸ் பார்லோ ஓடி வந்து மெற்றில்டாவின் கையைத் தொட்டு, ஒன்றும் யோசிக்க வேண்டாம், சின்னக் குழப்பம்தான், எல்லாம் சரிசெய்து விட்டோம், இப்போது கோசிகாவும் உண்மையான ஆலைப் பிள்ளை மாதிரி இருக்கிறாள் என்று மெல்ல, அன்பாகச் சொன்னார். மெற்றில்டா தாங்க்யூ சொன்னாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் மேசைகளின் கீழே நுழைந்து தவழ்ந்து பஞ்சு பொறுக்கினார்கள். கெதியா, கெதியா என்று தலைமை ஆசிரியர் பிரம்பால் மேசையைத் தட்டினார். பெற்றோர் போன்களை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அவனுடைய சம்பளத்தை வெட்டுங்கள் என்று ஒரு தகப்பன் தன் மகனைக் காட்டிக் கத்தினார். பெரிய சிரிப்பு எழும்பியது. மெற்றில்டா கையைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆட்டுக்குட்டி அறுப்பதைப் பாட்டுப் போட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இதில் யாரிடம் கோபப்படுவது? ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கூடுதலாக அருவருத்தது.

அப்போது கோசிகா கத்தினாள்.

மெசினுக்குள் கை போன பிள்ளையாக நடிக்கிறது அவளுடைய பங்கு. வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தாள். கையை உயர்த்தி அலறினாள். விரல்களில் இருந்து முழங்கை வரை தக்காளிச் சோஸ் வழிந்தது. நல்ல நடிப்பு. தலைமை ஆசிரியர் பாய்ந்து வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மேசையில் இருந்த வெள்ளைத் துணியை இழுத்தெடுத்துத் தன் நெஞ்சோடு அணைத்தார். "துணி! துணியில் இரத்தத்தைச் சிந்தாதே!" என்று இங்கிலிசில் முழங்கினார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது.

பெனிற்றா என்று ஒரு பிள்ளை இருந்தாள். முகாமில் பக்கத்து அறை, கைமடியில் இருந்து மெசினுக்கு ஏற்றப்பட்டவள். பட்டன் வைக்கிற மெசினில் பின்னேரம் கண்ணைச் சொருகின ஒரு நொடியில் அவளுடைய பெருவிரலுக்குள் ஊசி இறங்கி முறிந்தது. மேஸ்திரி ஓடி வந்தான். ஓடி வந்து முதலில் அவளுடைய கைக்குக் கீழே இருந்த துணியைத்தான் பிடுங்கினான். துணியைப் பாரு புள்ள, எக்ஸ்போர்ட் துணி, ரத்தம் பட்டா டேமேஜு. அந்தத் துணியை மடிக்கச் சொல்லி நீட்டினது மெற்றில்டாவிடம். அவள் அதை வாங்கி மடித்தாள். மடித்து முடித்த பிறகுதான் பெனிற்றாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தன் கால்கள் நடந்ததை மெற்றில்டா அறியவில்லை. பெற்றோர் நிற்கிற கயிற்றைத் தாண்டி, மேசைகளுக்கு நடுவே போய், மகளின் கையைப் பிடித்துத் தன் சால்வையால் சுற்றி இறுக்கினாள். துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அம்மா, ஸ்டொப். அது சோஸ்," என்று கோசிகா பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசுத்தாள். "எல்லாரும் பாக்கினம். விடுங்கோ."

மெற்றில்டாவால் விட ஏலவில்லை.  பிறகு யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள். சிலர் கையைத் தலைக்கு மேலே தூக்கியே தட்டினார்கள். தாயும் நாடகத்தில் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் மீசை கழன்று தொங்க, அற்புதம், அற்புதம் என்று தலையை ஆட்டினார். பரிசு கோசிகாவுக்குத்தான் கிடைத்தது. அவள் அதை வாங்கும்போது அழுதுகொண்டிருந்தாள். அதுவும் நடிப்பு என்று இன்னொருக்கால் தட்டினார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கோசிகா நாலு அடி முன்னால் நடந்தாள். போன் அடித்தது. நகுலேஸ்வரி. யாரோ தமிழ்த் தாய் எடுத்த வீடியோ ஏற்கனவே வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது. "என்ன மெற்றில்டா, கூத்தில நீரும் ஆடினீராம்? உமக்கு எத்தினாம் வகுப்பில இடம் தந்தவை?" என்று கேட்டாள். மெற்றில்டா பேச்சை முடிக்க விடாமல் போனை நிற்பாட்டினாள். பதினைந்து வருசத்தில் அவள் மச்சாளுக்குச் செய்த முதல் மரியாதைக் குறைவு அது.

இல்ஃபோர்ட் லேன் சந்தியில் கோசிகா சடாரென்று திரும்பினாள். பரிசாகக் கிடைத்த இனிப்புப் பெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கண்ணீர் வழிந்த இடங்களில் கரி கோடாக இறங்கியிருந்தது.

"நீங்கள் பிழையா உடுப்புச் சொல்லித் தந்தனீங்கள். எல்லாரும் சிரிச்சவை. இது பஜாமா எண்டு சொன்னவை. பிறகு வந்து என்ர அக்டிங்கையும் பழுதாக்கினீங்கள். வை, அம்மா? வை?"

சந்தியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. மகளுக்கு ஒரு பொய் சொல்லலாம். பைத்தியக்கார அம்மா என்று நினைத்துவிட்டு மறந்துவிடுவாள். ஆனால் கைதட்டின சத்தம் இன்னும் மெற்றில்டாவின் காதுக்குள் இருந்தது. அந்தக் கைதட்டலோடு இந்தப் பிள்ளையை வளரவிடுவதா?

"அது பிழையான உடுப்பு இல்லை," என்றாள். "நான் போட்டது அதுதான்."

"எங்க?"

"ஃபாக்டரியில. உன்னைவிட ஒரு வயசு கூட."

கோசிகா சிரிக்கப் பார்த்தாள். தாயின் முகத்தைக் கண்டு நிறுத்தினாள். அந்த ராணி செத்து எவ்வளவு காலம், அம்மா அப்போது பிறக்கவே இல்லையே என்றாள். அது வேற ஃபாக்டரி என்றாள் மெற்றில்டா. ராணியோடு முடிந்துவிட்டது என்றுதான் உங்களுக்குப் படிப்பிக்கிறார்கள் என்றாள். வேனைச் சொன்னாள், மடித்ததைச் சொன்னாள், மொட்டைமாடியைச் சொன்னாள். பெனிற்றாவின் கையைச் சொன்னாள். அந்தத் துணியைத் தான் வாங்கி மடித்ததை மட்டும் சொல்லவில்லை.

கோசிகா பிறகு பெட்டியைத் திறந்து ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். பாதியில் கையில் துப்பி, தெருவோரக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றாள் மெற்றில்டா. மாமிக்கு? அதற்கு இரண்டு பேருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மெற்றில்டா நினைத்தது அந்தக் கதை அந்தச் சந்தியோடு முடிந்தது என்று. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளிக்கிழமை காலையில் கோசிகா நேரே மிஸ் பார்லோவிடம் போய், தன்னுடைய உடுப்புச் சரியான உடுப்புத்தான், அம்மா ஃபாக்டரியில் அதைத்தான் போட்டவர் என்று சொல்லிவிட்டாள்.

பின்னேரம் வாசலில் மிஸ் பார்லோ காத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. மெற்றில்டாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வேகமாகக் கதைத்தார். மெற்றில்டாவுக்கு வாசித்தால், மெல்லச் சொன்னால் விளங்கும்; கதைக்கிற இங்கிலிசு கடைக்குத்தான் போதும். இடுப்பு, கை நீளம், செவ்வாய்க்கிழமை வாங்கோ. அதுக்கு மேலே கோசிகாதான் தமிழாக்கிச் சொல்லுவாள். டாக்டரிடமும் அப்படித்தான், வங்கியிலும் அப்படித்தான்.

ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்கள் பிடிபட்டன. திங்கட்கிழமை. எல்லா வகுப்பும். மேடை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பிறகு தன் சட்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அந்த ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வந்தால், மூக்கில் துணியும் கட்டினால், மடிக்கிறதையும் கொஞ்சம் செய்து காட்டினால் என்பதுபோல இருந்தது.

மெற்றில்டா இவ்வளவு நாளும் ஒளித்து வைத்தது ஒருத்தரும் கேட்டு அருவருக்கக் கூடாதென்று. இப்போது கேட்டவருக்கோ அது தேனாக இனிக்கிறது. அந்த அன்பான முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஞ்சிக் கோப்பைதான் ஞாபகம் வந்தது.

அவள் மகளைப் பார்த்தாள். தமிழாக்கட்டும் என்று காத்திருந்தாள்.  ரீச்சர் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள்.

கோசிகா தமிழாக்கவில்லை. தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ரீச்சரை நிமிர்ந்து பார்த்து, இங்கிலிசில், அமைதியாகச் சொன்னாள். "அம்மாவுக்கு ஏலாதாம் மிஸ். அது நடிப்பு இல்லையாம்."

மிஸ் பார்லோவின் கைகள் மெல்ல விலகின. முகம் சிவந்தது. சரி, கட்டாயமில்லை, கட்டாயமில்லை என்றார். அடுத்த பிள்ளையின் தாய் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பேரும் வாசலைத் தாண்டி நடந்தார்கள்.

"மிஸ் என்ன கேட்டவ?" என்றாள் மெற்றில்டா.

"ஒண்டும் இல்லை," என்றாள் கோசிகா. "சும்மா."

அது பெரிய ஆட்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற பொய். அதை எந்தக் குரலில் சொல்ல வேண்டுமோ அந்தக் குரலிலேயே சொன்னாள். மெற்றில்டா மகளின் தோளில் தொங்கின புத்தகப் பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கோசிகா தனக்கு ஏலும், தாங்கோ என்று இழுத்தாள். தாய் விடவில்லை.